அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் மருத்துவ முகாமில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 164/98 என்று இருந்தது. பிறகு மருத்துவரிடம் இரண்டு முறை போய்ப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரையைத் தினமும் ஒன்று போடச் சொன்னார். மூன்று மாதத்தில் 128/80 ஆகிவிட்டதால் நிறுத்திவிட்டேன். நிறுத்திய மூன்றாம் நாள் பார்த்தபோதும் 130/82தான். ஆனால் போன வாரம் வாங்கிய கருவி, பத்து நிமிடத்துக்குள் மேல் அளவை 162, 149, 154 என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. வீட்டில் இந்துப்புக்கு மாறிவிட்டோம். தொண்டைக்காகத் தினமும் அதிமதுரக் கஷாயம் குடிக்கிறேன். முழங்கால் வலி அதிகமானால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவேன். கருவி பழுதா? மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா?

பதில்: கருவி பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் ரத்த அழுத்தம் மீண்டும் உயர்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே தொடர்புகொண்டு, மறுபடி தொடங்குவதைப் பற்றிக் கேளுங்கள். 128/80 என்பது மாத்திரை போட்ட உடம்பின் அளவு. மாத்திரை இல்லாத உடம்பின் அளவு 164/98. மாத்திரை நோயை வேரோடு பிடுங்கிவிட்டது என்று அந்த 128க்குப் பொருள் இல்லை, அன்றன்றைக்கு அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது என்பதே பொருள்.

நிறுத்திய மூன்றாம் நாளும் அளவு நன்றாக இருந்ததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. அம்லோடிபின், ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து அந்தத் தசையைத் தளரச் செய்யும் மருந்து. உடம்பை விட்டு மிக மெதுவாகத்தான் வெளியேறும். ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே மூன்றாம் நாள் நீங்கள் பார்த்த 130/82, முந்தைய மாத்திரைகள் விட்டுச்சென்ற மிச்சம். அதன் பலன் முழுவதும் தீர ஒரு வாரத்துக்கு மேலாகும், பெரும்பாலானோர் அதற்குள் மறு பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள். அம்லோடிபினாவது இப்படி மெல்ல விலகுகிறது. மெட்டோபுரோலால், அட்டெனோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறி ஆபத்தில் முடியக்கூடும். உங்களுக்கு இருக்கும் அதே நோய்க்கு இந்த மாத்திரைகளைப் போடும் உறவினர் யாராவது உங்களைப் பார்த்து நிறுத்தியிருந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

தலைவலியோ மயக்கமோ இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ரத்தக் கொதிப்பு’ என்ற சொல் நம்மிடையே ஊன்றிவிட்டதால், உடம்பு சுடும், தலை கனக்கும், கோபம் பொங்கும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால் நோயும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ரத்தம் கொதிப்பதில்லை. குழாய்ச் சுவரின் மீது அது தரும் அழுத்தம் கூடுகிறது, அவ்வளவுதான்; அதை உணர்ந்து சொல்லும் புலன் நம்மிடம் இல்லை. 160 இருக்கும்போதும் மிகச் சாந்தமாகக் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடியும். அந்த நேரத்தில்தான் இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் நைந்து சிறுநீரில் புரதம் கசியத் தொடங்குகிறது, மூளைக்குள் போகும் மெல்லிய குழாய்கள் பலவீனமாகின்றன.

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 என்று இருந்தது. அன்றைய மருத்துவர்களிடம் அதைக் குறைக்கப் பயனுள்ள, பாதுகாப்பான மாத்திரை ஒன்றுகூட இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவால் அவர் இறந்தபோது அளவு 300/190. ஓர் அதிபருக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். அப்படிக் கிடைப்பதை ‘சரியாகிவிட்டது’ என்று ஓரமாக வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

இனி உங்கள் கருவி. அடுத்தடுத்துப் பார்த்தால் அளவு மாறுவது இயல்பு. முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே வரும். உங்களுக்கும் 162தான் முதலில் வந்திருக்கிறது. எண்களை விட, அவற்றை எப்படி எடுத்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். என் அறைக்கு வந்த ஒருவர், படியேறிய மூச்சு அடங்குவதற்குள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டபடி, கருவி காற்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மகளின் கல்யாணச் செலவைச் சொல்லிக்கொண்டிருந்தார். 172 வந்தது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் உயரத்துக்கு மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி மறுபடி எடுத்தபோது 150. இரண்டாவதும் அதிகம்தான், ஆனால் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போது 172க்கும் 150க்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நீங்களும் அப்படியே எடுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றுங்கள். பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியாக இருந்தால், மேல்கையில் கட்டுவதாக மாற்றிக்கொள்வது நல்லது. காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, இடையில் ஒரு நிமிடம் விட்டு, ஏழு நாள் எடுத்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாட்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். மருத்துவமனையில் எடுக்கும்போது அந்த எல்லை 140/90. உங்கள் வயதில், தாங்க முடிந்தால் 130/80க்குக் கீழே கொண்டுவருவதே நல்லது.

உப்பைப் பற்றி ஒரு மளிகைக்கடைக்காரரிடம் பேசுவது எளிது, ஏனென்றால் நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது மாதம் 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் தீர்கிறது என்றால், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. கடையிலிருந்து வரும் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. மோருக்கும் சாதம் வடிப்பதற்கும் போடும் உப்பை நிறுத்துங்கள், இலையில் உப்பு வைக்காதீர்கள், ஊறுகாயை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்குங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

இந்துப்புக்கு மாறியதால் பலன் இருக்காது. நிறமும் விலையும்தான் வேறு, அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு வகை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை போடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது அதிமதுரம். தொண்டைக்கு இதமான மருந்துதான். ஆனால் அதில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும்படி செய்து, நாள்தோறும் குடிப்பவர்களுக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். உடனே நிறுத்துங்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அழுத்தத்தைக் கூட்டும், ரத்த அழுத்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்குவதை விட்டு, முழங்காலுக்கு என்ன போடலாம் என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். இந்த இரண்டும் போனாலே உங்கள் அளவு ஓரளவு இறங்கக்கூடும்.

எடை கூடியிருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் மேல் அளவு ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு வாரம் ஐந்து நாள், அரை மணி நேர வேக நடை கட்டாயம் தேவை. மது அழுத்தத்தை ஏற்றும். புகை குழாய்களைக் கெடுக்கும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் அழுத்தத்துக்கு ஒரு காரணம்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். பெரும்பாலானோருக்கு ஆம். எடையும் உப்பும் நன்றாகக் குறைந்து, மாதக்கணக்கில் அளவு தாழ்ந்தே நிற்கும் சிலருக்கு மாத்திரையைக் குறைக்கிறோம், ஒரு சிலருக்கு நிறுத்தியும் பார்க்கிறோம். ஆனால் அது கருவியைப் பார்த்துக்கொண்டே, படிப்படியாகச் செய்யும் வேலை. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், எனலாபிரில் வகையால் வறட்டு இருமல் வரலாம். அப்படி வந்தால் மாற்று மருந்துகள் இருக்கின்றன, நிறுத்துவது மாற்று அல்ல. 160ஐத் தாண்டித் தொடங்கியவர்களுக்கு, ஒரே மருந்தை அதிக அளவில் கொடுப்பதை விட இரண்டு மருந்துகளைச் சிறிய அளவில் கொடுப்பது பல நேரங்களில் நன்றாக வேலை செய்யும். இரண்டு மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம், ஈ.சி.ஜி., கண்ணின் விழித்திரை ஆகிய சோதனைகளை இதுவரை செய்யவில்லை என்றால் இந்த முறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஒருநாள் கருவி 180/120க்கு மேல் காட்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே அளவு, ஆனால் தொந்தரவு எதுவும் இல்லை என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்; நீங்களாக நாக்குக்கு அடியில் எந்த மாத்திரையையும் வைக்காதீர்கள், அழுத்தம் சட்டென்று சரிந்து மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணுக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது குறிப்பேட்டையும் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கருவியை அவருடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். மாத்திரையை நிறுத்திய தேதியைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், 5 மி.கி. உங்களுக்குப் போதவில்லை என்று எண்ணி அவர் 10 மி.கி. எழுதிவிடக்கூடும்.