மருத்துவ ஆவணத் துறைக்குப் போகலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்காமல் தாவரவியல் இளங்கலையில் சேர்ந்த உங்கள் மகள், இறுதியாண்டில் வந்து மருத்துவ வரலாற்று ஆவணங்களைப் பாதுகாக்கும் பணிக்குப் போக விரும்புவதாகச் சொல்வது, தோல்வியை மறைக்கும் பேச்சாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை உண்மையானது, வாசல்தான் குறுகலானது.

சென்னையில் இருப்பது அவருக்கு வாய்ப்பு. 1664-இல் கோட்டைக்குள் தொடங்கிய பொது மருத்துவமனை, 1819-இல் வந்த எழும்பூர் கண் மருத்துவமனை, 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி என்று இந்த நகரத்தின் மருத்துவ வரலாறு நீண்டது. மாகாண அரசின் சுகாதாரக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்ததற்கு இணையாகக் குணமாகிறது என்று 1959-இல் உலகுக்குக் காட்டிய ஆய்வும் இங்கே நடந்ததுதான். கட்டுரை அச்சேறிவிட்டாலும், நோயாளி அட்டையும் எக்ஸ்ரே படமும் இருந்தால்தான் பின்னால் வருபவர் அதைத் திரும்பச் சரிபார்க்க முடியும். ஒரு மருத்துவமனையில் பழைய பிரசவப் பதிவேடுகள் சாக்கில் கட்டி எடைக்குப் போடக் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவருடைய தாவரவியல் வீணாகாது என்பதற்குச் சித்த மருத்துவச் சுவடி ஒன்றே போதும். ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவித் துடைத்து எழுத்தைத் தெளிவாக்கிய பிறகும், 'குன்றி' என்ற சொல் நஞ்சுள்ள அந்த விதையைக் குறிக்கிறதா, எடை அளவைக் குறிக்கிறதா என்று முடிவுசெய்தாக வேண்டும். 'கையான்' கரிசலாங்கண்ணிதான் என்று செடியை அறிந்தவர் சொன்னால்தான் அட்டவணை சரியாக அமையும். வரலாறு மட்டும் படித்தவர் இந்த இடத்தில் திணறுவதுண்டு.

படிப்பைப் பொறுத்தவரை, நூலக அறிவியல் முதுகலையை அடித்தளமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே அது உண்டு. ஆவணப் பணி கிடைக்காமல் போனாலும் கல்லூரி நூலகத்தில் நிற்க அது உதவும். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஓராண்டு டிப்ளமோவும் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. சேர்க்கைத் தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைகளின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு வேறு தொழில். இன்றைய நோயாளிகளின் கோப்பைக் கையாள்வது அது. இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களிடம் கவனமாக இருங்கள்.

வருமானம் பற்றி ஒளிக்க மாட்டேன். அரசுப் பணியிடங்கள் அரிதாகவே அறிவிக்கப்படும். தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பழைய ஏடுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் மின்னாக்கத் திட்டங்களின் ஒப்பந்தப் பணிகள். இரண்டு மூன்று ஆண்டுகள் குடும்பம் அவரைத் தாங்க முடியுமா என்பதை நீங்களும் அவருடைய அப்பாவும் முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன், இந்த விடுமுறையில் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ அனுமதி கேட்டு, இரண்டு வாரம் அவர் உட்கார்ந்து படிக்கட்டும். பழைய வைத்திய நூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். அவருக்குத் தூசி ஒவ்வாமை உண்டா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.