மூன்று நிமிடம், மேலே இரண்டு நொடி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் 14 பேர், இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஞாயிறு மாலை ஆன்லைனில் ஒரு பிளிட்ஸ், அதாவது சில நிமிடங்களில் முடிகிற வேக செஸ் போட்டி வைக்க ஆசை. நாக் அவுட்டாக வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்கள். சரிவருமா?

பதில்: தயவுசெய்து நாக் அவுட் வேண்டாம். முதல் பத்து நிமிடத்திலேயே ஏழு பேர் தோற்று வெளியே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் பாதிப்பேர் அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார்கள். நண்பர்கள் ஆடும் போட்டியில் கடைசியாக வருகிறவரும் கடைசிச் சுற்றுவரை ஆட வேண்டும், நான் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லோரும் எல்லோருடனும் ஆடுகிற ரவுண்ட் ராபின் நல்ல முறைதான், ஆனால் 14 பேருக்கு 13 சுற்று, மொத்தம் 91 ஆட்டம் வரும். ஒரே மாலையில் அது ரொம்ப அதிகம். ஆறேழு பேர் மட்டும் என்றால் தாராளமாக அப்படி வைக்கலாம்.

உங்களுக்கு ஸ்விஸ் முறைதான் பொருத்தம். யாரும் வெளியேற மாட்டார்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருக்கிறவர்கள் மோதிக்கொள்வார்கள், ஒருமுறை ஆடியவருடன் மறுபடி ஆட வேண்டியதில்லை. அதனால் முதல் இரண்டு ஆட்டம் தோற்றவருக்குக்கூட மூன்றாவதில் தன் அளவுக்கு ஓர் எதிராளி கிடைப்பார். ஆறு சுற்று வையுங்கள். லிசெஸ் (Lichess) என்ற செஸ் தளத்தில் ஸ்விஸ் போட்டி வைக்க முதலில் அங்கே ஒரு டீம் தொடங்க வேண்டும், காசு எதுவும் இல்லை, யாருக்கு யார் என்று ஜோடி சேர்ப்பதையும் தளமே பார்த்துக்கொள்ளும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள், தண்ணீர் குடிக்கவாவது நேரம் வேண்டும் இல்லையா?

ஆள் முப்பது, நாற்பது என்று போனால், அதுவும் பாதிப்பேர் லேட்டாக வருவார்கள் என்று தெரிந்தால், அரினா வையுங்கள். ஒரு மணி நேரம் என்று வைத்தால் அதற்குள் யார் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம், நடுவில் எழுந்து போய்விட்டு வந்தும் சேரலாம். வென்றால் 2 புள்ளி, டிராவுக்கு 1, இரண்டு ஆட்டம் தொடர்ந்து வென்றவருக்கு அடுத்த ஆட்டத்திலிருந்து புள்ளி இரட்டிப்பு. ஆள் குறைவாக இருக்கும்போது அரினாவில் அதே முகத்தையே திரும்பத் திரும்பச் சந்திக்க நேரும், அதனால்தான் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

கேள்வி: கடிகாரத்தை எப்படி வைப்பது? 3 நிமிடம் மட்டுமா, 5 நிமிடமா?

பதில்: 3+2. ஆளுக்கு மூன்று நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி கூடும், இதைத்தான் இன்க்ரிமென்ட் என்பார்கள். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பிலும் இதுதான். அறுபது நகர்த்தல் போனால்கூட ஆளுக்கு ஐந்து நிமிடம், ஆட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. ஆறு சுற்றும் இடைவெளியும் சேர்த்து ஒரு மணி நேரம் சொச்சம்.

அந்த இரண்டு நொடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் முதல்முதலில் நடத்திய போட்டியில் 3+0 வைத்தேன். கடைசிச் சுற்றில் ஒரு சின்னப் பெண்ணிடம் ராஜாவும் ராணியும் இருந்தன, எதிரே ராஜாவோடு ஓரத்தில் ஒற்றைச் சிப்பாய். இன்னும் மூன்று நகர்த்தலில் மேட். ஆனால் கடிகாரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு, மவுஸ் ஒரு கட்டம் தள்ளிப் போய் விழுந்தது, நேரம் முடிந்தது. எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்திருந்தால் விதிப்படி அது டிரா. அந்த ஒரு சிப்பாய் இருந்ததால் தோல்வி. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே லாக்-அவுட் பண்ணிவிட்டாள். ஆடத் தெரிந்த பிள்ளையை மவுஸ் வேகத்தில் தோற்க வைத்துவிட்டோமே என்று எனக்குத்தான் அன்று இரவெல்லாம் மனசு சரியில்லை. அன்றிலிருந்து இன்க்ரிமென்ட் இல்லாமல் நான் போட்டி வைப்பதில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் திடீரென்று எல்லோரையும் ஜெயிக்கிறார். என்ஜின் (நல்ல நகர்த்தலைச் சொல்லித்தரும் செஸ் மென்பொருள்) பார்த்து ஆடுகிறாரோ என்று சந்தேகம். சாட்டில் நேராகக் கேட்டுவிடலாமா?

பதில்: கேட்காதீர்கள். சந்தேகம் தப்பாக இருந்தால் ஒரு நட்பு போய்விடும், சரியாக இருந்தாலும் சாட்டில் யாரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு திருப்பி வெட்ட வேண்டிய இடத்திலும் நாலு நொடி, தலை சுற்றுகிற சிக்கலான நிலையிலும் அதே நாலு நொடி என்று ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே சீராகப் போனால் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாது, நல்ல நாள் எல்லோருக்கும் வரும். தளத்திலேயே ரிப்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது, அதில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்களிடம் அதற்கென்றே கருவிகளும் ஆட்களும் உண்டு. அப்புறம், பணப் பரிசு வைக்காதீர்கள். ஏமாற்றும் ஆசை பாதி அதிலேயே குறைந்துவிடும்.

கேள்வி: ஒருவர் டோர்னமென்ட் ஆடுகிறவர், இன்னொருவர் போன மாதம்தான் குதிரை எப்படிப் போகும் என்று கற்றுக்கொண்டார். எப்படிச் சேர்த்து ஆட வைப்பது?

பதில்: முதலில், ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) இல்லாத ஆட்டமாக வையுங்கள், புதியவருக்குப் பாதி பயம் அதிலேயே போய்விடும். பரிசை முதலிடத்துக்கு மட்டும் கொடுக்காமல், தன்னைவிட ரொம்பப் பெரிய ஆளை வீழ்த்தியவருக்கும் ஒன்று கொடுங்கள். அரினா என்றால் பெர்செர்க் இருக்கிறது. வலுவானவர் தன் நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டு, இன்க்ரிமென்டையும் விட்டுக்கொடுத்து ஆடலாம், ஜெயித்தால் அவருக்கு ஒரு புள்ளி கூடுதல். ஒன்றரை நிமிடத்தில் பெரிய ஆட்டக்காரரும் ராணியைக் கோட்டைவிடுவார்!

கேள்வி: ஆட்டத்தின் நடுவில் நெட் போய்விட்டால் மறு ஆட்டம் உண்டா?

பதில்: கிடையாது, கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்தை ரீலோட் செய்து திரும்ப வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். இதைப் போட்டிக்கு முந்தின நாளே எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள். ஆட்டம் நடக்கும்போது சொன்னால் ஒருவருக்குச் சாதகமாகப் பேசுவதுபோல் ஆகிவிடும்.