குரோமோசோமின் மடிப்பும் மரபணு மறுகூட்டிணைவும்

கேள்வி: முட்டையும் விந்தணுவும் உருவாகக் காரணமான செல் பிரிவாகிய குன்றல் பகுப்பின்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று படித்தேன். இந்தக் குறுக்கேற்றம் எந்த இடத்தில் வேண்டுமானாலும் தற்செயலாக நிகழுமா?

பதில்: தற்செயலுக்கு இடம் உண்டு. ஆனால், எங்கே, எத்தனை முறை என்பதைப் பெருமளவு வரையறுப்பது குரோமோசோம் மடிந்திருக்கும் விதமே. குன்றல் பகுப்பின் தொடக்கத்தில் ஒவ்வொரு குரோமோசோமிலும் புரதங்களாலான ஓர் அச்சு உருவாகிறது, டி.என்.ஏ. இழை அந்த அச்சிலிருந்து கண்ணி கண்ணியாக வெளியே நீண்டிருக்கும். இழையை வெட்டி, துண்டுகள் மாறிச் சேரும் மறுகூட்டிணைவைத் தொடங்கிவைப்பது ஸ்போ11 என்னும் புரதம். அதற்குத் துணைநிற்கும் புரதங்கள் அச்சில் அமர்ந்திருப்பதால், கண்ணியின் ஒரு பகுதி அச்சோடு வந்து சேரும்போதே அங்கு வெட்டு விழுகிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். வெட்டுகளுள் பெரும்பாலானவை துண்டு மாற்றம் இன்றியே செப்பனிடப்பட்டுவிடும்.

மடிப்பின் செல்வாக்குக்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று ஆண், பெண் வேறுபாடு. பால் குரோமோசோம்கள் நீங்கலாக இருபாலாரின் குரோமோசோம்களிலும் டி.என்.ஏ.வின் நீளம் ஒன்றுதான். ஆயினும், முட்டையாகப் போகும் செல்லில் அச்சு நீண்டும் கண்ணிகள் குறுகியும் இருக்க, விந்தணுவாகப் போகும் செல்லில் அச்சு குறுகியும் கண்ணிகள் நீண்டும் இருக்கின்றன. அதற்கேற்ப, பின்னதில் சராசரியாக 50 அளவில் நிகழும் குறுக்கேற்றங்கள் முன்னதில் 70 அளவுக்கு உயர்கின்றன.

எக்ஸ், ஒய் குரோமோசோம்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. மனிதரில் இவ்விரண்டும் முதன்மையாக ஒரு நுனியில் ஏறத்தாழ 27 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள பகுதியில்தான் ஒத்திருக்கின்றன. அவை குறுக்கேற்றம் செய்துகொள்வதும் பெரும்பாலும் அந்தச் சிறு பகுதிக்குள்தான். எலிகளில் இதற்கு இணையான பகுதியை ஆராய்ந்தபோது, டி.என்.ஏ. நீளத்துக்குப் பொருந்தாத அளவு அச்சு நீண்டும் கண்ணிகள் மிகக் குறுகியும் இருந்தது தெரியவந்தது. வெட்டு விழும் வாய்ப்பு அங்கே பெருகுவதற்கு இந்த அமைப்பு உதவுகிறது என்று கருதப்படுகிறது.

செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றிக்கொள்ளும் இடமான சென்ட்ரோமியரை ஒட்டிய பகுதியில் குறுக்கேற்றம் பெரிதும் தடுக்கப்படுகிறது. ஓரிடத்தில் ஒன்று நிகழ்ந்தால் அதற்கு மிக அருகில் இன்னொன்று நிகழ்வதும் அரிது.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பிரியும் கணம்வரை தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம் இணையைப் பிணைத்து வைப்பதில் குறுக்கேற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு. முட்டைச் செல்லில் 21ஆம் இணைக்குக் குறுக்கேற்றம் நிகழாமல் போனாலோ, நுனிக்கு மிக அருகே மட்டும் நிகழ்ந்தாலோ, இரண்டு குரோமோசோம்களும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் சென்றுவிடும் வாய்ப்பு கூடுகிறது. டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைகள் பலரிடம் உள்ள கூடுதல் 21ஆம் குரோமோசோம் இவ்வழியே வந்ததாகும்.