கடையில் சொல்லும் ‘இல்லை’களை எழுதி வையுங்கள்

நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: கொழும்பில் ஒரே பொருளை ஒரே தெருவில் பத்துப் பேர் விற்கும்போது, மற்றவர்கள் கவனிக்காத ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து அதிலிருந்து தொழில் தொடங்குவது எப்படி?

நான் புறக்கோட்டையில் சமையல் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் மாமாவின் கடையில் சிட்டை எழுதத் தொடங்கியவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருந்து நான் கண்டது ஒன்றே. விற்ற பொருளின் கணக்கில் புதிய வாய்ப்பு தென்படுவதில்லை. கேட்டுக் கிடைக்காமல் திரும்பிப் போனவரிடம்தான் அது இருக்கிறது.

எந்தக் கடையிலும் என்ன விற்றது என்பதற்குச் சிட்டைப் புத்தகம் இருக்கும், இருப்புப் பதிவேடு இருக்கும், இப்போது கணினியும் இருக்கிறது. ஆனால் வாசலில் நின்று ஒரு பொருளைக் கேட்டு, “இல்லை” என்ற பதிலோடு போனவர் எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. பத்துக் கடைகளின் விற்பனைக் கணக்கும் ஏறத்தாழ ஒன்று போலவே இருப்பதால், பத்து முதலாளிமாரும் அதே பொருட்களையே இறக்குகிறார்கள். பிறகு போட்டி போட விலையைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. விலையில் ஐந்து ரூபாய் குறைத்தால், மாலைக்குள் பக்கத்துக் கடையும் ஐந்து ரூபாய் குறைத்துவிடும்.

அதனால் 2016ஆம் ஆண்டு ஒரு சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பியை வாங்கிக் கல்லாவுக்கு அருகில் வைத்தேன். நாங்கள் “இல்லை” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், என்ன கேட்டார், எந்த ஊரிலிருந்து வந்தார், கிடைக்காததால் இதுவரை என்ன செய்து சமாளித்தார் என்ற மூன்றையும் எழுத வேண்டும் என்று கடைப் பையன்களுக்குச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் அவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. எனக்கும் சில நாட்கள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூன்றாவது விடயம்தான் கொப்பியின் உயிர் என்பது போகப் போகப் புரிந்தது. ஒருவர் ஏற்கெனவே அலைந்து, செலவழித்து, அரைகுறையாகவேனும் தானே ஒரு வழி தேடியிருந்தால், அந்தப் பிரச்சினைக்கு அவர் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்றே பொருள். சும்மா கேட்டுப் பார்த்தவருக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும்.

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்தார். பொலித்தீன் பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய பிரஷர் குக்கர் மூடி. “தம்பி, மூடியக் கொண்டுவந்திருக்கிறன். இதுக்கு ஒரு வொஷர் எடுக்கலாமா? நாலு கடை ஏறி இறங்கிட்டன்” என்றார். இதுவரை எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டேன். பழைய வொஷரின் மேல் பழந்துணி சுற்றி மூடியை அழுத்தியதாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு பதறியது. குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால்தான் தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக 120 பாகை அளவில் கொதித்துப் பருப்பு விரைவாக வேகிறது. அந்த அழுத்தத்தை அடக்கி வைப்பது ஒரு றப்பர் வளையம்தான். அது தேய்ந்தால் குக்கர் வெறும் சட்டியாகிவிடும். அதற்குத் துணியும் கம்பியும் கொண்டு மருத்துவம் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

அன்று கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது, வொஷர், விசில், பாதுகாப்பு வால்வு, கைப்பிடி என்று குக்கர் உதிரிப்பாகங்களே பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள்.

இவ்வளவு பேர் கேட்டும் ஏன் ஒருவரும் விற்கவில்லை? இந்தக் கேள்வியை நீங்கள் தவறாமல் கேட்க வேண்டும். விசாரித்தபோது மூன்று காரணங்கள் கிடைத்தன. ஒரு வொஷரில் கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது. பழையதைப் பழுதுபார்த்துக் கொடுத்தால் புதிய குக்கர் விற்காது என்ற அச்சம் இரண்டாவது. மூன்றாவதுதான் உண்மையான தடை: அளவுக் குழப்பம். மூன்று லீற்றர், ஐந்து லீற்றர் என்று கொள்ளளவு மட்டுமல்ல, மூடி உள்ளே பொருந்தும் வகையா வெளியே பூட்டும் வகையா என்பதைப் பொறுத்தும், தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுத்தும் வொஷர் மாறும். வாங்குபவருக்குத் தன் குக்கரின் அளவு தெரியாது. தவறானதைக் கொடுத்தால் திரும்பி வரும், நேரம் போகும், பேச்சும் வளரும். முதல் இரண்டும் கணக்குப் பார்த்து எடுத்த முடிவுகள் அல்ல, பழக்கத்தில் வந்த எண்ணங்கள். மூன்றாவது தீர்க்கக்கூடியது.

டாம் வீதியில் ஒரு தச்சரிடம் ஒட்டுப்பலகை வாங்கி, அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டப் பள்ளங்கள் வெட்டச் சொன்னேன். மூடியைக் கவிழ்த்து வைத்தால் எந்தப் பள்ளத்தில் உட்காருகிறதோ, அதன் எண்தான் வொஷர் இருக்கும் இழுப்பறையின் எண். கடைக்கு வந்த புதுப் பையன்கூட அரை நிமிடத்தில் சரியான வொஷரை எடுத்துக் கொடுத்தான். வெளியூர்க்காரர்கள் மூடியின் குறுக்கே பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று ஏற்பாடு செய்தோம். எப்படிப் பொருத்துவது, எப்போது மாற்றுவது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு துண்டு அச்சிட்டு ஒவ்வொன்றோடும் வைத்தோம். பலருக்கு அந்தத் துண்டே பெரிய மரியாதையாகப் பட்டது என்பதைப் பிறகு அவர்களே சொல்லிக் கேட்டேன்.

வொஷரில் நான் பெரும் பணம் சம்பாதிக்கவில்லை. ஆனால் வொஷர் வாங்க வந்தவர் வாணலியும் வாங்கினார், மகளின் குடிபுகுதலுக்கு முழுச் சமையலறைச் சாமானும் எங்களிடமே எடுத்தார். 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதை மத்திய வங்கி கைவிட்டபின், டொலர் சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 300ஐத் தாண்டியது. புதிய குக்கர் எட்டாத விலைக்குப் போயிற்று. எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றதால், இருக்கும் குக்கரை ஓட வைப்பது ஒவ்வொரு வீட்டுக்கும் அவசியமாயிற்று. தெருவில் பல கடைகள் காற்று வாங்கிய அந்த மாதங்களில் எங்கள் இழுப்பறைகள்தான் கடை வாடகையைக் கட்டின.

எல்லா ‘இல்லை’யும் வாய்ப்பு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அதில் அடி வாங்கியிருக்கிறேன். கொப்பியில் அடிக்கடி வந்த இன்னொரு கோரிக்கை, ஆறு மாதக் கடன். சில்லறைக் கடைக்காரர்கள் கேட்டார்கள், மற்ற மொத்த வியாபாரிகள் மறுத்தார்கள். இதுவும் கவனிக்கப்படாத தேவை என்று நினைத்து, பின்னாளின் திகதியிட்ட காசோலைகளை வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுத்தேன். அடுத்தடுத்து காசோலைகள் திரும்பின. அந்த ஓட்டையை அடைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. மாமா அப்போது சொன்னார்: “அது அவங்க காணாம விட்டதில்லை தம்பி, கண்டு விலகினது.” ஆகவே, ஒரு பிரச்சினையைப் போட்டியாளர்கள் பார்க்கவில்லையா, பார்த்துச் சுட்டுக்கொண்டு விட்டார்களா என்பதைப் பழைய வியாபாரிகள் இருவரிடமாவது கேட்ட பின்பே பணத்தை இறக்குங்கள்.

வாங்காதவரைப் பார்ப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் கண்ணெதிரே ஒரு சான்று மதுரையில் இருக்கிறது. மருத்துவர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரைக்குப் பொருத்தும் உள்விழி வில்லையின் இறக்குமதி விலை ஏழை நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது. அந்த நோயாளிகள் வெளிநாட்டு உற்பத்தியாளர்களின் விற்பனைக் கணக்கில் இல்லவே இல்லை. 1992இல் அரோலாப் என்ற பெயரில் வில்லையை மதுரையிலேயே செய்யத் தொடங்கியபோது, அதன் விலை இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. பிறகு அந்த வில்லைகள் பல நாடுகளுக்கும் போயின.

உங்களுக்குச் சொந்தக் கடை இல்லையென்றாலும் தொடங்கலாம். தெரிந்தவர் கடையில் ஒரு மாதம் கல்லாவுக்கருகே நில்லுங்கள். அல்லது அதிகாலையில் கோட்டை புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் வெளியூர்ச் சில்லறை வியாபாரிகளோடு ஒரு நாள் முழுவதும் நடந்து பாருங்கள். வவுனியாக்காரர் ஒருவருடன் நான் அப்படி நடந்தபோது, பொருள் வாங்குவதைவிட, எட்டுக் கடைகளில் வாங்கிய பொதிகளைச் சுமை தூக்கும் நாட்டாமிகளிடம் கொடுத்து ஒரே லொறியில் சேர்ப்பதற்குத்தான் அவருக்கு அதிக நேரம் போனது. எட்டுக் கடைக்காரரும் தத்தம் பொதியோடு பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். இப்போது எட்டையும் நாங்களே சேகரித்து, ஒரே பொதியாகக் கட்டி, ஒரு சிறு கூலிக்கு அனுப்புகிறோம். இரண்டு கடைகளின் பொறுப்புக்கு நடுவில் விழுந்து கிடக்கும் வேலையைத் தனியாகத் தேடிப் பாருங்கள்; அது யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

இந்த மாதக் கொப்பியில் ஏழு பேர் ஒரே விடயத்தைக் கேட்டிருக்கிறார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவிட்டார்கள், வீட்டிலிருக்கும் அலுமினியக் குக்கர் அதில் சூடேறவில்லை, என்ன செய்வது என்று. இரும்புத் தட்டை இடையில் வைத்துச் சமைப்பதாக இருவர் சொன்னார்கள். தட்டு சூடாகி அதன் பிறகு பாத்திரம் சூடாவதால் நேரமும் மின்சாரமும் வீணாகின்றன. அந்த இருவரின் வீட்டுக்கும் வரும் ஞாயிற்றுக்கிழமை போய், அவர்கள் சமைப்பதை நேரில் பார்க்கப் போகிறேன்.