இரவு அலர்ட்டுகள்: முதலில் குறித்து வையுங்கள்

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆன்கால் (சிஸ்டத்தில் கோளாறு என்றால் எந்நேரமும் எழுந்து பார்க்க வேண்டிய முறை) வருகிறது, இரவில் அலர்ட் நாலைந்து தடவை எழுப்பிவிடுகிறது, மேனேஜரிடம் சொன்னால் 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. கூகுளின் எஸ்ஆர்இ குழுக்கள் (சிஸ்டங்கள் தடையின்றி ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர்கள்) வைத்த அளவுகோலே 12 மணி நேர ஷிஃப்டுக்கு அதிகபட்சம் 2 சம்பவங்கள்தான். அதற்கு மேல் போனால் காரணத்தைத் தேடி, மறுபடி வராமல் தடுக்க நேரமே இருக்காது.

நானும் ஒரு வருடம் இப்படி அல்லாடியிருக்கிறேன். புலம்பியவரை ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு அலர்ட்டையும் ஒரு ஷீட்டில் குறித்தேன்: வந்த நேரம், எழுந்து நான் செய்த வேலை. பாதிக்கு மேல் 'ஒன்றும் செய்யவில்லை, தானாகச் சரியானது' என்றே இருந்தது. இரவு 2:40-க்கு சர்வரின் டிஸ்க் 80 சதவீதம் நிரம்பிவிட்டது என்று அலறும். லேப்டாப்பைத் திறப்பதற்குள் பழைய லாக் (பதிவு) ஃபைல்கள் தானாக அழிந்து அந்த அளவு இறங்கியிருக்கும். ஷீட்டைக் காட்டிய வாரமே அப்படிப்பட்ட அலர்ட்டுகளைப் பகல்நேர டிக்கெட்டாக (இரவில் எழுப்பாமல், பகலில் பார்க்கும் வேலைக் குறிப்பாக) மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

நீங்களும் அடுத்த இரண்டு ஷிஃப்டுக்கு எழுதிப் பாருங்கள். இரவு விழித்தால் மறுநாள் தாமதமாக வர அனுமதியை இப்போதே மெயிலில் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம். தூக்கம் கெட்ட காலையில் மட்டும் ராஜினாமா எழுதாதீர்கள். ஷீட்டைப் பார்த்தும் மேனேஜர் அசையவில்லை என்றால், வேறு டீமுக்கு மாறக் கேளுங்கள்.