கேள்வி – பதில்: மாமனிதர்களின் பிள்ளைப் பருவத்தை யார் பார்த்தார்கள்?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் என் பேத்தி, லிங்கன், ஃபிராங்க்ளின் போன்றவர்களின் சிறுவயதைப் பற்றிய புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துவந்து தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். ஏழெட்டு வயது லிங்கன் தன் அக்காவிடம் பேசியது வரிக்கு வரி அதில் இருக்கிறது. அதையெல்லாம் அருகிலிருந்து குறித்து வைத்தவர் யார்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: யாரும் குறித்து வைக்கவில்லை, அம்மா. இத்தகைய நூல்களில் வரும் உரையாடல்களில் பெரும்பாலானவை எழுதியவரின் கற்பனையே. இந்த வகைக்கு அமெரிக்காவில் பெரிய வாசகர் கூட்டத்தைத் தேடித்தந்தது, இண்டியானாபொலிஸ் நகரின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் 1932இல் தொடங்கிய ‘சைல்ட்ஹுட் ஆஃப் ஃபேமஸ் அமெரிக்கன்ஸ்’ என்ற வரிசை. அகஸ்டா ஸ்டீவன்சன் லிங்கனின் சிறுவயதைப் பற்றி எழுதிய நூல்தான் அதன் தொடக்கம். ஆரஞ்சு நிற அட்டையும் கறுப்பு நிழலுருவப் படங்களும் கொண்ட அந்தப் புத்தகங்களில் பிள்ளைப் பருவமே முக்கால் பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிற்காலத்தில் கதைநாயகர் ஜனாதிபதி ஆனதோ விஞ்ஞானி ஆனதோ கடைசிப் பக்கங்களில் விரைவாகச் சொல்லி முடிக்கப்படும். எட்டு வயதுக் குழந்தைக்குத் தன் வயதுடைய ஒருவனின் கதையைச் சொல்ல இது நல்ல வழி என்றே நானும் கருதுகிறேன். ஆனால் கற்பனை எது, தெரிந்த செய்தி எது என்று எங்குமே சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லிங்கன் தம் இளமையைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். தாம் பள்ளிக்குப் போன நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்று 1860இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். மற்றவற்றில் பெரும்பகுதி, 1865இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவருடன் கூட்டாக வழக்கறிஞர் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ண்டன் பழைய அயலார்களையும் உறவினர்களையும் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதிவைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் லிங்கனின் சிற்றன்னை சாராவைச் சந்தித்தபோது அந்த முதியவர் சொன்ன ஒரு செய்தி போதும்: படிக்கும்போது மனத்தைத் தொடும் பகுதி வந்தால், கையில் காகிதம் இல்லாத நேரத்தில் பையன் அதைப் பலகையில் எழுதிவைப்பானாம், காகிதம் கிடைத்ததும் அதைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொள்வானாம். இப்படி ஒரு செய்தி கையில் இருக்கும்போது, அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதாக நான்கு பக்கம் இட்டுக்கட்ட வேண்டிய அவசியம் என்ன?

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மையைச் சொன்ன கதையைப் பள்ளியில் படித்தோம். அது நடக்கவே இல்லை என்கிறார்களே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நடந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. மேசன் லாக் வீம்ஸ் என்ற பாதிரியார், ஊர் ஊராகப் புத்தகம் விற்றுவந்தவர், 1799 டிசம்பரில் வாஷிங்டன் இறந்ததும் 1800இலேயே ஒரு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அந்த முதற்பதிப்பில் செர்ரி மரம் கிடையாது. 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அது முளைக்கிறது. ‘வயது முதிர்ந்த ஒரு பெண்மணி சொன்னார்’ என்பதற்கு மேல் வீம்ஸ் ஆதாரம் காட்டவில்லை. கூர்ந்து படித்தால் அவருடைய கதையில்கூடச் சிறுவன் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. பட்டை உரியும்படி கோடரியால் கொத்திவிடுகிறான். மரத்தைச் சாய்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். வாஷிங்டனின் தந்தை 1743இல், மகனுக்குப் பதினொரு வயதானபோதே காலமாகிவிட்டார் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்: தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடந்ததாகச் சொல்லப்படும் பேச்சுக்கு வேறு சாட்சி எங்கிருந்து வரும்?

ஆனாலும் வீம்ஸை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் லிங்கன். ஜனாதிபதியாகப் பதவியேற்க வாஷிங்டன் நகருக்குப் போகும் வழியில், 1861 பிப்ரவரி 21 அன்று, டிரெண்டன் நகரில் நியூ ஜெர்சி மாநில செனட் சபையில் பேசியபோது, எழுத்தறிந்த புதிதில் தம் கைக்கு வந்த சின்னஞ்சிறு புத்தகம் என்று வீம்ஸின் நூலைத்தான் குறிப்பிட்டார். அதில் தம் மனத்தில் பதிந்தவை என்று அவர் சொன்னவற்றில் செர்ரி மரம் இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் நடந்த டிரெண்டன் சண்டை, வாஷிங்டனின் படை ஆற்றைக் கடந்தது, வீரர்கள் பட்ட பெரும்பாடு ஆகியவற்றைச் சொல்லி, இத்தனை துன்பத்தைத் தாங்கிய அந்த மனிதர்கள் சாதாரணமான ஒன்றுக்காகப் போராடியிருக்க முடியாது என்று சிறுவனாக இருந்தபோதே தமக்குத் தோன்றியதாகச் சொன்னார். குழந்தைகளுக்கு நீதியை ஊட்ட வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுத்து வைக்கும் பகுதி ஒன்று. குழந்தை எடுத்துக்கொள்ளும் பகுதி வேறொன்று. தங்கள் பேத்திக்கும் இந்தச் செய்தியைச் சொல்லலாம், திருச்சி அம்மா. டிரெண்டன் அவள் வசிக்கும் மாநிலத்தின் தலைநகரம்.

கேள்வி: என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல, கற்பனை கலவாத பிள்ளைப் பருவக் கதைகள் கிடைக்குமா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தாமே எழுதிவைத்தவர்களிடம் போங்கள். நினைவு பிசகலாம், ஆனால் பேசுகிறவர் இன்னார் என்பதாவது தெரியும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் சுயசரிதையில், பாஸ்டனில் நண்பர்களோடு சேர்ந்து, வீடு கட்ட வைத்திருந்த கற்களை மாலையில் தூக்கிப்போய், மீன் பிடிக்க நிற்பதற்குத் துறை கட்டியதையும் பிடிபட்டதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். துறை எவ்வளவு பயனுடையது என்று தந்தையிடம் வாதாடியும் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் இதை விரும்பிக் கேட்பார்கள்.

இவர்களில் நான் முதலிடம் தருவது, பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெட்ரிக் டக்ளஸுக்கு. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த அவருக்குத் தம் பிறந்த தேதிகூடத் தெரியாது. வேறொரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்டிருந்த தாய், பகல் வேலை முடிந்து பன்னிரண்டு மைல் நடந்து இரவில் வந்து மகனைத் தூங்க வைத்துவிட்டு, அவன் விழிப்பதற்குள் போய்விடுவாராம். பால்டிமோரில் எசமானி அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது எசமானன் தடுத்துவிட்டான். அதன்பின் வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துப்போய், தெருவில் இருந்த ஏழை வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பாடம் கேட்டுக்கொண்டார். 1845இல் வெளியான தம் வரலாற்றில் அந்தச் சிறுவர்களை நன்றியோடு நினைக்கும் அவர், பெயரை மட்டும் சொல்லவில்லை. அடிமைக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது வெளியே தெரிந்தால் அவர்களுக்குச் சங்கடம் வரும் என்பதால். இதைச் சொல்லும்போது தயவுசெய்து மென்மையாக்கிவிடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்குவார்கள்.

கேள்வி: ஹெலன் கெல்லரின் தண்ணீர்க் குழாய்க் கதையும் கட்டுக்கதைதானா?
– ஒரு மாணவி, சேலம்

பதில்: இல்லை. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத சிறுமி ஹெலனின் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் ஆசிரியை ‘தண்ணீர்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாக உணர்த்த, பொருள்களுக்குப் பெயர் உண்டு என்று அவர் புரிந்துகொண்ட கதை அது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியாவில் 1887 ஏப்ரல் 5 அன்று நடந்தது. ஹெலன் 1903இல் வெளியிட்ட நூலில் தம் நினைவிலிருந்து அதை எழுதினார். அதே நூலில், ஆசிரியை ஆன் சல்லிவன் அந்தச் சமயத்திலேயே எழுதிய கடிதமும் இருக்கிறது. ஹெலனின் கையிலிருந்த குவளை நழுவி விழுந்ததைக் கடிதத்தில் காணலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள்.