போர்வை இருக்கிறது, ஆள்தான் இல்லை

கேள்வி: அன்புள்ள அம்மா, எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓர் இல்லம் இருக்கிறது. இனி குணமாக வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டவர்களைக் கட்டணம் வாங்காமல் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். தோழிகள் எட்டுப் பேர் பணம் திரட்டி, நாற்பது போர்வையும் பழங்களும் வாங்கிக்கொண்டு போனோம். பொறுப்பாளர் நன்றி சொல்லிவிட்டு, “போர்வை அலமாரி நிறைய இருக்கும்மா. ராத்திரித் துணைக்குத்தான் ஆள் இல்ல” என்றார். எங்களில் சிலருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. இனி வரமாட்டோம் என்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. கிளம்பும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மறுபடி வருவியாம்மா?” என்று கேட்டார். “வரேன்ப்பா” என்றேன். மூன்று வாரம் ஆகிவிட்டது, போகவில்லை. போய் என்ன பேசுவது? மருத்துவம் தெரியாத நான் அங்கே என்ன செய்துவிட முடியும்? “மாதாமாதம் பணம் அனுப்பிவிடு, போதும்” என்கிறார் கணவர். போதுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்தப் பொறுப்பாளர் உங்களை அவமதிக்கவில்லை. இப்படிப்பட்ட இல்லங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேண்டாமென்று சொன்னால் வருகிறவர்களும் வராமல் போய்விடுவார்களோ என்ற பயம்தான். அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு ஒருவர் உள்ளதை உள்ளபடி சொன்னார் என்றால், இவர்களிடம் சொல்லலாம் என்று உங்கள் எட்டுப் பேரைப் பார்த்து அவருக்குத் தோன்றியிருக்கிறது. கோபப்பட்ட தோழிகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

கணவர் சொல்வதில் பாதி சரி. முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம்.

அந்த இல்லத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். தோல் உரியாமல் ஒருவரைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும், இரவிலும் வேண்டும். டயபர், கையுறை, பஞ்சு, காஸ் துணி, யூரின் பேக் எல்லாம் அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிறவை. ஒரே நாளில் மூன்று தடவை விரிப்பு மாற்ற வேண்டிய நோயாளிகள் உண்டு. வாஷிங் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. புற்றுநோய்ப் புண் வெளியே உடைந்தவர்கள் அந்த வாடைக்குக் கூசி, யாரையும் கிட்டே விடமாட்டார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் போட்டுக் கட்டுவார்கள். சில நாளில் வாடை அடங்கும். அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பி, “உக்காரு” என்பார். ஒரு மாத்திரைப் பொடி செய்கிற வேலை இது.

இவை எதற்கும் பெயர்ப்பலகை வைக்க முடியாது. இரவு நர்ஸின் சம்பளத்தின் மேல் ‘இன்னார் உபயம்’ என்று எழுத முடியாது. அதனால்தான் கட்டிலுக்கும் போர்வைக்கும் கொடுக்கிறவர்கள் கிடைக்கிறார்கள், சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் கிடைப்பதில்லை. பணம் கொடுப்பதானால் சிறு தொகையாக இருந்தாலும் மாதம் தவறாமல் கொடுங்கள். “எதற்குத் தேவையோ அதற்குச் செலவு செய்யுங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். ஒருவர் ஒரே தடவையில் கொடுக்கும் பெருந்தொகையைவிட நூறு பேர் மாதாமாதம் கொடுக்கும் சிறு தொகைதான், அடுத்த மாதம் எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பொறுப்பாளர் தைரியமாக முடிவெடுக்க உதவும்.

கொடுப்பதற்கு முன்பு கணக்கும் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல இல்லம் கணக்கைக் காட்டத் தயங்காது. அதோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள். டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? வலிக்கு மார்ஃபின் கொடுக்க ஏற்பாடு இருக்கிறதா? அன்பு எவ்வளவு இருந்தாலும் வலி அடங்காத இடத்தில் நோயாளிக்கு நிம்மதி கிடையாது. மார்ஃபின் என்றாலே போதைப் பழக்கம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் பார்வையில் வலிக்குத் தக்க அளவில் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை.

இனி கணவர் சொன்னதில் சரியில்லாத பாதிக்கு வருகிறேன்.

என் அக்கா தன் கடைசி ஏழு வாரங்களை இப்படி ஓர் இல்லத்தில்தான் கழித்தாள். மருந்தில் குறையில்லை. வலி பெரும்பாலும் அடங்கியே இருந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தது வியாழக்கிழமைக்காக. அன்று மாலை நாலு மணிக்கு ஒருவர் வருவார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு உறவு கிடையாது, அக்காவை முன்பின் தெரியாது. வந்து உட்கார்ந்து அவள் நகத்தை வெட்டிவிடுவார். பிறகு செய்தித்தாளில் ராசிபலன் வாசிப்பார். அக்காவுக்கு அதில் துளிகூட நம்பிக்கை இல்லை, ஆனாலும் வாசிக்கச் சொல்வாள். ‘வெளியூர்ப் பயணம் உண்டு’ என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன். என்னைத் தேற்றுவது அவளுக்கு ஒரு வேலை. அவரை அவள் தேற்ற வேண்டியிருக்கவில்லை. சொந்தத் தங்கையால் கொடுக்க முடியாத ஒன்றை யாரோ ஒரு மனிதர் கொடுத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை என்று ஒன்று இருந்ததால்தான் அவளுக்குப் புதன்கிழமையும் நகர்ந்தது.

‘மருத்துவம் தெரியாத நான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வலி தணிப்புப் பராமரிப்பு என்று சொல்லப்படும் இந்த வகை சிகிச்சைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன்பின் படித்து டாக்டரானவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். சாகக் கிடப்பவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனத்திலும், உறவுகளிலும், ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வியிலும் இருக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றார். அதில் உடம்பின் பங்கை மார்ஃபின் பார்த்துக்கொள்ளும். மற்றதற்கெல்லாம் ஆள்தான் வேண்டும். அந்த ஆள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

அந்த இல்லம் எழுந்த கதையை உங்கள் தோழிகளுக்குச் சொல்லுங்கள். 1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்பவர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். போலந்திலிருந்து அகதியாக வந்த யூதர், வயது நாற்பதுதான், சொந்தமென்று அங்கே யாரும் இல்லை. சமூகப் பணியாளராக இருந்த சாண்டர்ஸ் அடிக்கடி போய் அவரோடு பேசிக்கொண்டிருப்பார். இறக்கும்போது அவர் 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு எழுதி வைத்தார். நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்றாராம். அந்த ஜன்னலைச் சுற்றி ஒரு வீட்டை எழுப்ப 19 வருடம் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில் தொடங்கிய வீடு அது.

இன்னோர் உதாரணம் கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்களும் நண்பர்களும் வலி நிவாரணத்துக்காக ஒரு சிறு சங்கம் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கு ஒன்று புரிந்தது. நோயாளியின் வீட்டுக்கு டாக்டர் வருவது எப்போதாவது ஒருநாள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அக்கம்பக்கத்தார்தான். அதனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த சாதாரண ஆட்களைச் சேர்த்தார்கள். 16 மணி நேர வகுப்பு, பிறகு நோயாளிகளிடம் நேரில் நான்கு நாள், அவ்வளவுதான் பயிற்சி. ஊர் ஊராக அது பரவியது. 2008இல் மாநில அரசே இதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கை மனத்தில் வையுங்கள். உங்களிடம் எட்டுப் பேர் இருக்கிறீர்கள்.

உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது, ஆனால் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் பக்கத்து இல்லத்தில் கட்டில் கிடைத்தவர்கள் அந்தச் சிறு பங்கைச் சேர்ந்தவர்கள். ஆளில்லாமல் அந்த இல்லம் ஒரு கட்டிலைக் குறைத்தால், அந்தக் கட்டிலில் இருந்திருக்க வேண்டியவர் எங்கேயோ ஓர் அறையில் வலியோடு கிடப்பார்.

இனி, போனால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன். சளி, இருமல் இருக்கிற நாளில் போகாதீர்கள். கையைக் கழுவிக்கொண்டு போங்கள். நின்றபடி பேசாதீர்கள், நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். நர்ஸைக் கேட்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். விழுங்க முடியாதவருக்குப் புரையேறிவிடும். அவர் தாகமென்றால் ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துவிட நர்ஸே கற்றுக்கொடுப்பார். சாப்பிட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அந்த நேரத்தில் பசி தானாகவே குறைந்துவிடும். ‘எல்லாம் சரியாயிடும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சரியாகாது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் உங்களிடம் அவர் மனம் விட்டுப் பேசமாட்டார். கை வைத்தியம், பிரார்த்தனை, பரிகாரம் எதையும் அவராகக் கேட்காமல் சொல்ல வேண்டாம். போட்டோ வேண்டவே வேண்டாம்.

அவரே ஒருநாள், “நான் போயிடுவேனா?” என்று கேட்கக்கூடும். ஆமாம், இல்லை இரண்டும் சொல்லத் தேவையில்லை. “ஏன்ப்பா, இன்னிக்கு அப்படித் தோணுதா?” என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். பேச்சே இல்லாமல் அரை மணி நேரம் போனால் தப்பில்லை. நினைவில்லாமல் கிடப்பவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் மெதுவாகப் பேசுங்கள். கடைசி நேரத்திலும் சிலருடைய மூளை ஒலிக்கு அசைந்து கொடுக்கிறது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020இல் காட்டியிருக்கிறது. அவர் தலைமாட்டில் நின்று, ‘இன்னும் எவ்வளவு நாள்’ என்று கேட்காமல் இருக்க இந்த ஒரு காரணம் போதும்.

ராத்திரித் துணைக்கு முதல் வாரமே குதித்துவிட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் பகலில் போய்ப் பழகுங்கள். பிறகு இரண்டிரண்டு பேராக முறை போட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் என்றால் வாரம் ஒரு இரவு, ஒருவருக்கு மாதம் ஒரு முறைதான் வரும். முறையை மட்டும் தவறவிடாதீர்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத நாள் அங்கே மிகவும் நீளமானது. படுக்கை அருகே நிற்க மனம் வராத தோழி இருந்தால் அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவருக்கு வேறு வேலை இருக்கிறது: கணக்கு எழுதுவது, துவைத்த விரிப்பை மடித்து வைப்பது, நோயாளியின் மனைவிக்கு வங்கியில் படிவம் நிரப்பிக் கொடுப்பது, அவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அப்பா சாகக் கிடக்கும் வீட்டில் அந்தப் பிள்ளையின் கணக்குப் பாடத்தை யாரும் கவனிப்பதில்லை.

பழகிய முகம் ஒருநாள் இல்லாமல் போகும். அன்று எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அதை மனத்துக்குள் அடக்கி வைத்தவர்கள்தான் ஆறு மாதத்தில் நின்றுபோகிறார்கள்.

கடைசியாக அந்தப் பெரியவர். மூன்று வாரம் போகாததற்கு அவரிடம் நீளமாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். நாளைக்கே பொறுப்பாளருக்குப் போன் செய்து, எந்த நேரம் வரலாம் என்று கேளுங்கள். கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். “வரேன்னு சொன்னேனேப்பா, வந்துட்டேன்” என்று பக்கத்தில் உட்காருங்கள். ஒருவேளை அவர் இல்லை என்றால் வாசலோடு திரும்பிவிடாதீர்கள். அந்தக் கட்டிலில் இப்போது யார் இருக்கிறார் என்று கேட்டு, உள்ளே போய் அவர் பெயரைக் கேளுங்கள். அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.